மேற்கே இருநூற்றைம்பது மீட்டர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்கு நிஜமாகத் தெரிந்தது பத்து நிமிடம் மட்டும்தான். மிச்சமெல்லாம் கைச்சரக்கு.

அந்தப் பத்து நிமிடம் நடந்தது 2006 டிசம்பரில், கரியாஹாட் மார்க்கெட்டை ஒட்டிய ஓர் இன்டர்நெட் கடையில். மாற்றலாகிக் கல்கத்தா வந்து நாலு வருஷமாகியிருந்தது. டாலிகஞ்ச் குவார்ட்டர்ஸில் கம்ப்யூட்டர் கிடையாது. கதை அனுப்பிய பத்திரிகையிலிருந்து பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க வாரம் ஒருமுறை அந்தக் கடைக்குப் போவேன். வந்திருக்காது. அன்றும் வரவில்லை. அந்த எரிச்சலோடு ஊரிலிருந்த தம்பியிடம் கைபேசியில் கத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு அம்மாள் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். தோளில் சணல் பை.

"தமிழா நீங்க? ஒரு உபகாரம் பண்ணணுமே."

பையிலிருந்து ஒரு விளம்பரத் தாளை எடுத்தார். அதற்குள் மடித்து வைத்திருந்த துண்டுச் சீட்டில் எட்டு ஜோடி எண்கள். டிகிரி, நிமிடம், அதற்கப்புறம் தசமம். அச்சடித்தது போன்ற பென்சில் எழுத்து.

"இந்த நம்பரெல்லாம் எந்த எடம்னு கம்ப்யூட்டர்ல பாக்கலாமாமே. பெங்களூர்லேந்து பிள்ளை சொன்னான்."

பார்க்கலாம். வானத்திலிருந்து எடுத்த படத்தில் எண்ணைப் போட்டால் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் வித்தை அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. அதை ஒருவருக்குச் செய்துகாட்டும் பெருமை எனக்கும் இருந்தது. எட்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுந்தன. கல்கத்தாவுக்குத் தெற்கே காக்தீப் பக்கம், கங்கை ஆற்றின் கிழக்குக் கரையில் ஒரு கிராமம். படம் மங்கல். பச்சை, நடுவில் கறுப்பாக ஒரு குளம், குளத்தை ஒட்டி ஒரு வெள்ளைப் புள்ளி.

"தண்ணியா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, வீடு. தகரக் கூரை போட்ட வீடு."

"நன்னாப் பாருங்கோ. கங்கையில இருக்கணும்."

"கங்கை இங்க இருக்கு, இடது பக்கம். இது கரை. வீடுதான், சந்தேகமே இல்ல."

அவர் திரையைப் பார்த்தபடியே, என்னிடம் என்றில்லாமல் சொன்னார்: "மீன் பிடிக்கத்தான் போறார், ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை. எங்காத்துக்குள்ள மீன் வரப்படாது. அதனால நான் கண்ணால பாத்ததில்லை."

சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். விளம்பரத் தாள் மேசையிலேயே கிடந்தது. பெயர் கேட்கத் தோன்றவில்லை. என் அரைமணி நேரம் முடிந்துவிட்டது என்று கடைக்காரர் கையைக் காட்டினார்.

இவ்வளவுதான் நடந்தது.

2

விளம்பரத் தாளின் தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: மீன் பிடிக்கவும் வேட்டைக்கும் ஏற்ற, கையடக்கமான, விலை குறைந்த ஜி.பி.எஸ். கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? இதிலிருந்து கதை தொடங்க வேண்டும். மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "ஆற்றின்மேல் பனி இறங்கியிருந்த அந்த விடியலில்—" வேண்டாம். பனியில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன். [பனி பின்னால் வரும். அதற்கு வேலை இருக்கிறது.]

இரண்டு: "சேஷாத்ரி யோக்கியமானவர்." இப்படி ஆரம்பித்தால் வாசகர் அடுத்த வரியிலேயே அவரைச் சந்தேகப்படுவார். சந்தேகம் வத்சலாவுக்கு வர வேண்டும். உங்களுக்கு இப்போதே வரக் கூடாது.

மூன்றாவது: "வத்சலாதான் அந்த யந்திரத்தை வாங்கியே தீர வேண்டும் என்றாள்." இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

சேஷாத்ரி, வத்சலா என்பவை நான் வைத்த பெயர்கள். பவானிபூர் வீடு நான் கொடுத்தது. நதியை அளந்து வரைபடம் போடும் ஓர் அரசு அலுவலகத்தில் அவருக்கு முப்பது வருஷ உத்தியோகமும் நான் போட்டுக் கொடுத்ததுதான். அவ்வளவு ஒழுங்காகப் பென்சிலில் எண் எழுதுகிற மனிதர் வேறு எங்கே வேலை பார்த்திருப்பார், சொல்லுங்கள்.

3

வத்சலாதான் அந்த யந்திரத்தை வாங்கியே தீர வேண்டும் என்றாள்.

அந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு வர வேண்டிய சேஷாத்ரி திங்கட்கிழமை மத்தியானம் வந்தார். பனியில் படகு வழி தவறி, நிமாய் என்கிற படகுக்காரரும் இவரும் ஒரு மணல் திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்களாம். கைபேசிக்கு அங்கே சிக்னல் கிடையாது. வத்சலா அழவில்லை. சாதத்தைப் போட்டாள், ரசத்தை ஊற்றினாள், சொன்னாள்.

"ஏன்னா, ஒண்ணு மீன் பிடிக்கறத விடுங்கோ. இல்ல, வழி காட்டற மிஷின் ஏதோ ஆபீஸ்ல இருக்குன்னேளே, அது மாதிரி ஒண்ணு வாங்குங்கோ."

விடுவதாவது! ஆபீஸ் சகாக்கள் பழக்கிவிட்ட தூண்டில் அவரை இருபது வருஷமாகப் பிடித்து வைத்திருந்தது. மீனை அவர் தின்பதில்லை, தொடுவதோடு சரி. பிடித்ததை அங்கேயே நிமாய்க்குக் கொடுத்துவிட்டு வருவார். எதற்காகப் பிடிக்கிறார் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. கதை எழுதுகிறவனைக் கேட்டாலும் அதே முழிதான்.

ஆக, யந்திரம். ஐந்து மாதம் விசாரித்தார். கிராப் தாளில் கட்டம் போட்டு, எத்தனை செயற்கைக்கோளைப் பிடிக்கும், பாட்டரி எத்தனை மணி தாங்கும், ஈரக் கையால் பொத்தானை அமுக்க முடியுமா என்றெல்லாம் நிரப்பினார். ஜூனில் இருவரும் கடைக்குப் போனார்கள். அளவைக் கருவிகள் விற்கும் சின்னக் கடை. கடைக்காரருக்கு இந்தி வரும், இங்கிலீஷ் வரும், வத்சலாவின் பெங்காலியும் புரியும். அவளைப் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிட்டார்.

கண்ணாடி மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது கலர் திரை. பார்க்க அழகு, பாட்டரியை விழுங்கிவிடும். இரண்டாவதில் வரைபடமே உள்ளே இருந்தது.

"எந்த ஊர் படம்?" என்றாள் வத்சலா.

"அமெரிக்கா, பௌதி. ரோடு எல்லாம் இருக்கு."

"நம்ம கங்கை?"

"கங்கை வெள்ளையா இருக்கும். ஒண்ணும் இருக்காது."

மூன்றாவது மஞ்சள் நிறம். சோப்புக் கட்டி அளவு. கறுப்பு வெள்ளைத் திரை, வரைபடம் கிடையாது. நிற்கிற இடத்துக்கு எண் சொல்லும். அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் வைத்துக்கொள்ளும். பிறகு எங்கிருந்தாலும் அம்புக்குறி காட்டி, இன்னும் இத்தனை மீட்டர் என்று அங்கே திரும்பக் கூட்டிப்போகும். விலையும் மற்ற இரண்டில் பாதி.

"தண்ணில விழுந்தா மெதக்குமா?"

"மிதக்காது பௌதி. ஆனா உள்ள தண்ணி போகாது."

"அப்போ, முழுகினப்பறமும் வேலை செய்யும்கறார்," என்றாள் சேஷாத்ரியிடம்.

சேஷாத்ரி பொத்தான்களை அமுக்கிக்கொண்டே போனார். சூரியன், சந்திரன் என்று ஒரு பக்கம் வந்தது. அதற்கடுத்து ஒரு மீனும் ஒரு மானும் படம் போட்டு, வேட்டைக்கும் மீன்பிடிக்கும் இன்று நல்ல நேரம் எது என்று காட்டியது.

"இதுல ஏகாதசி தெரியுமா?"

"அமாவாசை தெரியறது."

"பேஷ். பஞ்சாங்கம் வாங்கற செலவு மிச்சம்."

மஞ்சளையே வாங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் சேஷாத்ரி அதை எப்படி இயக்குவது என்று அவளுக்கும் சொல்லிக்கொடுத்தார். மேல் பொத்தானை அமுக்கினால் இடங்களின் பட்டியல், இடது பொத்தானை அமுக்கினால் அம்புக்குறி. வத்சலா சமையலறையைக் குறித்து வைத்துக்கொண்டு, மொட்டை மாடிக்குப் போய், அம்புக்குறியைப் பார்த்தபடி திரும்பி வந்தாள். யந்திரம் அவளைப் பக்கத்து வீட்டுச் சுவரில் கொண்டுபோய் நிறுத்தியது. பத்துப் பதினைந்து மீட்டர் முன்னே பின்னே இருக்குமாம். இருவரும் சிரித்தார்கள்.

[இந்தச் சிரிப்பை நான் வேண்டுமென்றேதான் வைத்தேன். பின்னால் அவள் எதை இழக்கப்போகிறாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.]

4

இங்கே எனக்கு வத்சலாமேல் ஒரு சந்தேகம் வந்தது. புருஷன் உயிரோடு திரும்பி வர வேண்டும் என்று யந்திரம் வாங்கிக் கொடுத்தவள், ஆறு மாதத்தில் அதே யந்திரம் காட்டிய எண்களை எடுத்துக்கொண்டு, அவர் எங்கே போகிறார் என்று பார்க்க இன்டர்நெட் கடைக்கு வருவாளா? எழுதிய பத்துப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு வாரம் சும்மா இருந்தேன்.

பிறகு அந்த அம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது. எங்காத்துக்குள்ள மீன் வரப்படாது.

யோசித்துப் பாருங்கள். அது வத்சலா போட்ட சட்டம். மீன் மட்டுமில்லை, செதில் வரக் கூடாது, வாடை வரக் கூடாது, அந்த வேட்டியும் வரக் கூடாது. இருபது வருஷமாக சேஷாத்ரி அதைக் காப்பாற்றினார். தூண்டில் நிமாய் வீட்டில் இருக்கும். திரும்புகிற வழியில் ஸ்டேஷன் அடிபம்பில் குளித்து, எலுமிச்சை தேய்த்து, வேறு உடுப்பு மாற்றித்தான் ரயில் ஏறுவார். அதாவது ஒரு மனிதர் ஞாயிறுதோறும் விடியற்காலையில் போகிறார். சாயங்காலம் குளித்து, தலைவாரி, சோப்பு வாசனையோடு திரும்பி வருகிறார். கையில் ஒரு மீன்கூடக் கிடையாது. கேட்டால் "இன்னிக்கு நாலு" என்கிறார்.

கீழ்வீட்டு நாகலக்ஷ்மி மாமி ஒருநாள் மாடிப்படியில் அவரை வழிமறித்து, மேலே நின்ற வத்சலாவைப் பார்த்து, "ஏன்டி வத்சலா, மீன் பிடிச்சுட்டு வரவா மாதிரியா இருக்கு இவர்? கல்யாணத்துக்குப் போயிட்டு வரவா மாதிரின்னா இருக்கார்" என்று கேலி செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். வத்சலாவும் சிரித்தாள். அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மீன் பிடிக்கிறார் என்பதற்கு வீட்டில் ஒரு சாட்சியும் இல்லை. எல்லாச் சாட்சியையும் கழுவிவிட்டு வரச் சொன்னது அவளேதான். இனிமேல் மீனை எடுத்து வாருங்கள், பார்க்க வேண்டும் என்று எந்த வாயால் சொல்வாள்? முப்பது வருஷம் அவர் பேச்சை அப்படியே நம்பி இருந்தவள். கொஞ்ச நாளாக ராத்திரி படுத்தால் அந்த நம்பிக்கையைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

சாட்சி சொல்ல வாயில்லாவிட்டாலும் மஞ்சள் யந்திரத்துக்கு ஞாபகம் உண்டு. சேஷாத்ரி தான் நிற்கிற இடங்களை அதில் குறித்து வைத்திருந்தார். அவருக்கு எழுதிவைக்கும் பழக்கமும் உண்டு. மேசை இழுப்பறையில் சீட்டு கிடைத்தது. அவள் கரியாஹாட்டுக்கு வந்தாள். தமிழில் கத்திக்கொண்டிருந்த ஒரு மகானுபாவன் அங்கே இருந்தான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். தீர விசாரிக்கப்போன இடத்தில் இருந்தவன் நான்.

5 *

* இது அடிக்குறிப்பாக இருந்திருக்க வேண்டியது. பெரிதாகிவிட்டதால் தனிப் பகுதி.

அந்த விளம்பரத் தாளை நான் வீட்டுக்கு எடுத்து வந்து புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்தேன். மூன்று வருஷம் கழித்து, 2009-ல், புத்தகத்தைப் பிரித்தபோது தாள் பின்பக்கமாக விழுந்தது. ஓரத்தில் அதே அச்செழுத்துப் பென்சில்: "அமைப்பு — நம் ஆபீஸ் வரைபடப்படி மாற்றியாச்சு."

புரியவில்லை. அளவைத் துறையிலிருந்த வீரராகவன் என்ற நண்பரிடம் காட்டினேன். அவர் பார்த்ததும் சொன்னார்.

"பழைய கணக்குல வெச்சிருக்கார்யா மனுஷன்."

பூமியின் வடிவத்துக்கு வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட கணக்கு ஒன்று உண்டு. நம் ஊர்ப் பழைய வரைபடங்கள் அதன்படி போட்டவை. செயற்கைக்கோள்களுக்கு வேறு கணக்கு. யந்திரம் இரண்டிலும் எண் காட்டும், நாம்தான் சொல்ல வேண்டும். இந்த விஷயமே தெரியாதவர்கள் அதைத் தொடமாட்டார்கள். முப்பது வருஷம் ஆபீஸ் வரைபடத்தோடு குடித்தனம் நடத்தியவர்தான் சிரத்தையாக உள்ளே போய் மாற்றுவார்.

"மாத்தினா என்ன ஆகும்?"

"அவருக்கு ஒண்ணும் ஆகாது. அந்த மிஷினை வெச்சுண்டு போனா சரியான இடத்துக்குத்தான் போவார். ஆனா அந்த நம்பரை எடுத்து இன்டர்நெட் படத்துல போட்டேன்னு வை, புள்ளி கெழக்க தள்ளி விழும்."

"எவ்வளவு தள்ளி?"

"இந்தப் பக்கத்துல சுமார் இருநூத்தம்பது மீட்டர். ஏன்யா, முகம் ஒரு மாதிரி ஆயிடுத்து?"

அன்றைக்கே போய்ப் படத்தைத் திறந்தேன். எண்கள் என்னிடம் இல்லை. ஆனால் அந்தக் குளமும் வெள்ளைப் புள்ளியும் எனக்கு மறக்கவில்லை. அங்கிருந்து மேற்கே இருநூற்றைம்பது மீட்டர் நகர்த்தினேன். கரையைத் தாண்டி, ஆற்றுக்குள், ஆழம் கறுப்பாகத் தெரிகிற இடத்தில் போய் நின்றது.

நுணலும் தன் வாயால் கெடும். நான் கெட்டிருந்தால் போகட்டும், என் வாயால் இன்னொருத்தர் வீடு கெட்டிருக்குமோ என்பதுதான் அன்றிலிருந்து என்னை அரிக்கிறது. "சந்தேகமே இல்ல" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

6

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதல் முடிவில் வத்சலா நேராகக் கேட்டுவிடுகிறாள். சேஷாத்ரி காகிதம் பென்சில் எடுத்து, பூமியின் வடிவம், வெள்ளைக்காரன் கணக்கு, செயற்கைக்கோள் என்று படம் போட்டு விளக்குகிறார். அவர் விளக்க விளக்க அவளுக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே போகிறது. மாட்டிக்கொண்ட ஒரு மனிதர் இதைவிட நீளமாகப் பொய் சொல்ல முடியுமா என்று அவள் அவருடைய வாயையே—

வேண்டாம். சிரிப்பாக இருக்கிறது. எனக்குச் சிரிக்க யோக்கியதை இல்லை.

இரண்டாவது. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, வத்சலா அவர் பையிலிருந்து யந்திரத்தை எடுத்துக்கொண்டு, உறைக்குள் அதே கனத்தில் ஒரு பல்பொடி டப்பாவை வைத்துவிடுகிறாள். தகர வீட்டின் வாசலில் போய் நின்று கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். ஞாயிறு காலை அவர் கிளம்பிய அடுத்த ரயிலில் அவளும் ஏறுகிறாள். காக்தீப்பில் இறங்கி, சைக்கிள் வண்டியில் உட்கார்ந்து, இடது பொத்தானை அமுக்குகிறாள். ஊரெல்லாம் வெள்ளையாகப் பனி மூடியிருக்கிறது. அம்புக்குறி மட்டும் தெளிவாக வழி சொல்கிறது. இரண்டாயிரம் மீட்டர். எண்ணூறு. நானூறு.

குளம் வந்தது. தகரக் கூரை வீடும் வந்தது. வாசலில் ஒருத்தி நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள், திண்டாடிப்போய் நிற்கும் இந்த வெளியூர்க்காரியைப் பார்த்து, "யாரைத் தேடறீங்க மாஷிமா?" என்று பெங்காலியில் கேட்டாள். வத்சலா திரையைப் பார்த்தாள். இன்னும் இருநூற்றைம்பது மீட்டர் என்றது. அம்பு வீட்டைக் காட்டவில்லை. வீட்டைத் தாண்டிக் காட்டியது.

அவள் நடந்தாள். வரப்பைத் தாண்டி, மண் கரையில் ஏறினாள். அதற்கப்பால் தண்ணீர், தண்ணீர் என்றுகூடத் தெரியவில்லை, வெறும் வெள்ளை. அம்புக்குறி அந்த வெள்ளைக்குள் நேராகக் காட்டிக்கொண்டிருந்தது. இருநூறு மீட்டர்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவர் அங்கேதான் இருக்கிறார். இருபது வருஷமாக அங்கேதான் இருந்திருக்கிறார். பனியில் வழி காட்டத்தான் இதை அவளே வாங்கிக் கொடுத்தாள். அது இப்போது அவள் கையில் இருக்கிறது. அவர் பையில் இருப்பது பல்பொடி.

"ஏன்னா" என்று கூப்பிட்டாள். பிறகு சத்தமாக. நெல் கிளறிய பெண்ணும் ஓடிவந்து பக்கத்தில் நின்று, "ஓ நிமாய்தா" என்று படகுக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினாள். தண்ணீர்மேல் குரல் இருநூறு மீட்டர் போகும் என்று வீரராகவன் சொல்கிறார். காற்று எதிராக இருந்தால் போகாதாம்.

இந்த இடத்தில் நிறுத்தலாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்த முடிவில் அவள் கரைக்குப் போகிறாள், உண்மையைப் பார்க்கிறாள், தப்பெல்லாம் அவள் தலையிலும் பனியின் தலையிலும் விழுகிறது. இன்டர்நெட் கடையில் வீடு என்று சொன்னவனும் கதைக்காரனுமாகிய நான் சுத்தமாகத் தப்பித்துக்கொள்கிறேன்.

மூன்றாவது முடிவு ரொம்பச் சின்னது. அவள் எங்கேயும் போகவில்லை. எதுவும் கேட்கவுமில்லை. கரியாஹாட்டிலிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, சீட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு சாயங்காலம் சேஷாத்ரி குளித்து, சோப்பு வாசனையோடு வந்தார். காபியைக் கொண்டுவந்தாள்.

"இன்னிக்கு ஆறு" என்றார்.

முன்பெல்லாம் "பாவம், ஆறு ஜீவன்" என்பாள். அன்றைக்கு டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. ஏன் என்று அவருக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

இதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதி முடித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

7

2009-லும் அதற்கடுத்த வருஷமும் கரியாஹாட் கடைக்கு எத்தனையோ தடவை போனேன். கடை போய், அந்த இடத்தில் சுடிதார் தைத்துத் தருகிறார்கள். பவானிபூர் நான் போட்ட விலாசம். அங்கே போய்த் தேடிப் பயனில்லை. நவராத்திரிக் கொலுவுக்குப் போகிற வீடுகளிலெல்லாம் ஐம்பது வயது தாண்டிய அம்மாள்களின் முகத்தை உற்றுப் பார்த்து, கெட்ட பெயர் வாங்கியதுதான் மிச்சம். என் பெயருக்கும் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

ஆகவே முடிவை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது கல்கத்தாவில் ஒரு தமிழ்க் குடும்பம் தெரிந்திருக்கலாம். புருஷன் சைவம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போவார். எண்களை அச்சு மாதிரி எழுதுவார். மனைவி சணல் பை வைத்திருப்பார். அதிகம் பேச மாட்டார், முன்பு பேசியிருக்கலாம். அவர்கள் பெயர் நிச்சயமாக சேஷாத்ரி, வத்சலா இல்லை.

அந்த அம்மாளிடம் கதை முழுவதையும் படித்துக் காட்ட வேண்டாம். இன்டர்நெட் கடையில் தமிழில் கத்திக்கொண்டிருந்தவன் சொல்லியனுப்பினான் என்று இதை மட்டும் சொல்லுங்கள்.

அம்மா, நான் சொன்னது தப்பு. புள்ளியை மேற்கே இருநூற்றைம்பது மீட்டர் நகர்த்திப் பாருங்கள். அங்கே வீடு இல்லை, தண்ணீர்தான்.